எழுபத்தெட்டு யூனிட்டு

9 ஜனவரி 1939, திங்கள்

டிசம்பர் மாதக் கரண்டுக் கணக்கு வந்தது. நூற்றொரு யூனிட்டு. கல்லூரிக் காரியதரிசி வார்டனான என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ராஜம்மா, காலேஜ் மொத்தத்துக்கும் ஆகிறதைவிட உங்க பெண்கள் விடுதிக்கு அதிகம் ஆகுது. படிக்கிறாங்களா, தீபாவளி கொண்டாடுறாங்களா?" என்றார். அறுபதுக்குள் வராவிட்டால் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி லாந்தர்தானாம்.

பயிற்சிக் கல்லூரிக்குக் கரண்ட் வந்ததே போன கார்த்திகையில்தான். முப்பத்தோரு பெண்கள், பன்னிரண்டு பல்பு. மார்ச்சில் பரீட்சை. போன வருஷம் லாந்தர் புகையில் பாதிப் பேருக்குக் கண் எரிச்சல். அந்தக் கூத்து மறுபடி வேண்டாம். நாளை முதல் விளக்கு ஆறிலிருந்து பத்து வரை எரியாது. ஏழிலிருந்து ஒன்பது வரைதான்.

12 ஜனவரி, வியாழன்

மூன்றாம் அறையில் சௌந்திரம் ஒன்பது மணிக்கு மேல் பல்பைச் சேலையால் மூடிக்கொண்டு படித்திருக்கிறாள். அம்மாபேட்டைத் தறிக்காரர் குழந்தைவேலின் மகள். வகுப்பில் முதல்.

"நேத்து ஒரு நாள்தானுங்கம்மா," என்றாள்.

ஒரு நாளாம்! நூற்றொரு யூனிட்டு ஒரே நாளில் ஓடிவிட்டதா?

13 ஜனவரி, வெள்ளி

காலைப் பிரார்த்தனையில் அவளை எழுந்து நிற்கவைத்துப் பேசினேன். 'கரண்டுத் திருட்டு' என்று சொன்னேன். விடுதிப் புத்தகத்திலும் அப்படியே எழுதினேன். மூன்றாம் அறை பல்பைக் கழற்றி என் அலமாரியில் வைத்தாயிற்று. தகப்பனாருக்கும் காரியதரிசிக்கும் கடிதம். கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஒருத்தியைக் கண்டித்தால்தானே மற்றவர்கள் அடங்குவார்கள்?

22 ஜனவரி, ஞாயிறு

குழந்தைவேல் வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"எம்புள்ளை ஒருத்தர் பொருளைத் தொட்டதில்லீங்க. அப்படிப் பேர் வாங்கிப் படிக்க வேண்டாமுங்க. ஊட்ல தறிக்கு ஆள் வேணும்," என்று சொல்லி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சௌந்திரம் என்னைப் பார்க்காமலே போனாள்.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது வாரம்.

3 பிப்ரவரி, வெள்ளி

ஜனவரிக் கணக்கு: எழுபத்தெட்டு.

அவள் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மூன்றாம் அறையில் பல்பே கிடையாது. பெண்கள் வெளிச்சம் போகுமுன் முற்றத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் படிக்கிறார்கள். அப்படியும் எழுபத்தெட்டு! பேயா வந்து எரிக்குது?

6 பிப்ரவரி, திங்கள்

மீட்டர் பார்க்கும் வேலுசாமியைப் பிடித்துவந்தேன். நல்ல வெயில், பத்து மணி. பெண்கள் எல்லாரும் வகுப்பில். "எல்லா விளக்கும் அணைத்தாயிற்று, ஆணி அடிச்ச மாதிரி நிற்கணும் உங்க மீட்டர்," என்று சவால் விட்டேன்.

அவர் மீட்டருக்குள் எட்டிப் பார்த்தார். "சக்கரம் சுத்துதுங்களேம்மா," என்றார்.

நானும் பார்த்தேன். மெதுவாக, நிற்காமல் சுற்றுகிறது. அறை அறையாகப் போனோம். கடைசியில் பாக்கி நின்றது உக்கிராண அறை. அரிசி மூட்டை, புளிப்பானை எல்லாம் சமையல்கார சென்னியம்மாள் பொறுப்பு. சாவி அவள் இடுப்பில்தான். நான் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. திறக்கச் சொன்னேன்.

மாரியம்மன் படத்துக்கு முன்னால் அறுபது வாட் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சில் குங்குமப் பொட்டு.

"எத்தனை நாளா எரியுது இது?"

"ஏத்துன நாளாவேங்க."

"அணைக்கவே மாட்டியா?"

சென்னியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கம்மா. சாமி முன்னால ஏத்துன விளக்கை ஆராச்சும் கையால அமத்துவாங்களா? எண்ணெய் தீந்தா அதுவா மலையேறும்னு இருந்தேன். இது தீரவே மாட்டேங்குதுங்க!"

வேலுசாமி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் அது அப்படியே நின்றுபோயிற்று. "உங்க கையாலதானுங்க ஏத்தச் சொன்னேன். சுவிட்சைத் தொடாதே, ஷாக் அடிக்கும்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க?"

ஆமாம். கரண்ட் வந்த அன்று. முதல் விளக்கு உங்க கையாலன்னு இவள்தான் இங்கே கூப்பிட்டாள், போட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். எப்படி மறந்தேன்? ஐயோ, அந்தப் பெண்ணை எப்படிப் பேசிட்டேன்!

சென்னியம்மாள் முதலில் அகல் ஒன்று ஏற்றிப் படத்தின் முன் வைத்தாள். "இப்ப இது எரியுது. இனி அதை நீங்க அமத்திக்குங்க," என்று திரும்பி நின்றுகொண்டாள். சுவிட்சை நானே தட்டினேன். சக்கரம் நின்றுவிட்டது என்று வாசலிலிருந்து வேலுசாமி குரல் கொடுத்தார்.

8 பிப்ரவரி, புதன்

காரியதரிசியிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். "அப்ப அறுபதுக்குள்ள வந்துடும். சமையல்காரியை நிறுத்திடுங்க."

சுவிட்சைப் போட்டது நான் என்றேன். அவர் அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

"சௌந்திரம் விஷயம்?"

"அது முடிஞ்சு போச்சு, ராஜம்மா. மாணவி விரயம் பண்ணினா, கண்டிச்சோம்னு காலேஜ் கமிட்டிக்கு எழுதியாச்சு. இப்ப மாத்தினா உங்களுக்குத்தான் அசிங்கம். வாயை மூடிட்டு இருங்க."

ராத்திரி விடுதிப் புத்தகத்தை எடுத்து அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். அவர் சொன்னது தப்பு என்பதால் மட்டுமில்லை. சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

12 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாபேட்டை போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். குழந்தைவேல் மரியாதையாகப் பலகை போட்டு உட்காரச் சொன்னார். சௌந்திரம் தறிக்குழியில் இருந்தாள். சத்தத்தை நிறுத்தவில்லை. அதற்கு மேலே கத்தித்தான் நடந்ததை முழுக்கச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

அப்புறம்தான் கையை நிறுத்தினாள்.

"முப்பது பேரு முன்னால திருடின்னு சொன்னீங்க. இங்க ஊட்டுக்குள்ள வந்து தப்புன்னு சொன்னாச் செரியாப் போச்சுங்களா?"

"அம்மாகிட்ட என்ன பேச்சு இது?" என்று தகப்பனார் அதட்டினார்.

"கேட்கட்டும் விடுங்க," என்றேன்.

"பொஸ்தகத்துல எழுதுனது அப்படியே இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். அவள் மறுபடி தறியை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் அவள் மேல் கோபமாக வந்தது. செவ்வாய்ப்பேட்டை வருவதற்குள் அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயமும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

13 பிப்ரவரி, திங்கள்

காலைப் பிரார்த்தனையில் எழுந்து நின்று சொன்னேன். "சௌந்திரம் திருடவில்லை. இரண்டு மாதம் ராத்திரி பகலாக எரிந்த விளக்கு நான் போட்டது. விசாரிக்காமல் அவள் மேல் பழி போட்டதும் நான்தான்." விடுதிப் புத்தகத்தில் பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வாசகத்தைக் கமிட்டிக்கு ஒன்று, குழந்தைவேலுக்கு ஒன்று. சென்னியம்மாள் வேலையில் இருக்கிறாள். நிறுத்துவதானால் முதலில் என்னை நிறுத்துங்கள் என்றும் கமிட்டிக்கு எழுதிவிட்டேன்.

மூன்றாம் அறைக்குப் பல்பைத் திருப்பிக் கொடுத்தேன். இனி எல்லா அறைக்கும் ஆறரை முதல் ஒன்பது வரை.

17 பிப்ரவரி, வெள்ளி

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

21 பிப்ரவரி, செவ்வாய்

கமிட்டி உத்தரவு வந்தது. ஜூன் முதல் விடுதிக்கு வேறு வார்டன். எனக்கு வகுப்பு மட்டும். தங்குவதற்கு ஊருக்குள் வீடு பார்க்க வேண்டும். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அழுகை வந்தது. எட்டு வருஷம் இருந்த இடம்.

4 மார்ச், சனி

இந்த வாரம் மீட்டரை நானே பார்த்தேன். ஒன்பது யூனிட்டு. இப்படியே போனால் மாதத்துக்கு நாற்பதைத் தாண்டாது. ஒயரைக் கழற்றும் பேச்சை எடுக்க முடியாது.

இந்த ஒன்பதில் ஒன்று, போன ஞாயிறு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்த சௌந்திரம் ஒன்பது மணிக்கு மேல் படித்தது. சேலை போட்டு மூட வேண்டாம், கண் கெட்டுவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.