எங்கே என்று கேட்டவன் நான்தான்

என் கூடப்பிறந்த நாதா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குத் திதி. கிள்ளானில் உன் வீட்டில்தான் படையல். எனக்குச் சொல்லவில்லை. ஓராண்டாக அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அதனால் உனக்குச் சொல்ல வேண்டியதை இந்தப் பத்திரிகை வழியாகச் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் உன் ஆங்கில வகுப்பு இன்னும் நடக்கிறது. ஒரு நாள் போனேன். நீ இருந்தவரை என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. “அண்ணன் வந்தா கிளாஸ் காலி லா” என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாயாமே. நான் லோரி ஓட்டிக்கொண்டே வானொலி கேட்டு ஆங்கிலம் கற்றவன். யாரும் எனக்கு அதை ஊட்டிவிடவில்லை.

கேள்விச் சொற்களில்தானே நமக்குச் சண்டை. கண்முன் இருக்கிற நாலு குழம்பில் ஒன்றைக் கேட்டால் விச், எதுவுமே தெரியாமல் கேட்டால் வாட் என்பதில் இருவரும் ஒன்று. எங்கே என்பதற்கான ‘வேர்’ வந்தால்தான் முட்டிக்கொள்வோம். கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது, தூரமா என்றுதான் கேட்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். நீ அதை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றி, ஹவ் ஃபார் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தாய். இடம் தெரிய வேண்டுமென்றால் ‘வேர்’தான். இன்றும் அதையே சொல்கிறேன்.

அன்று பலகையில் ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்று எழுதினேன். பூக்கடை செல்வி எழுந்து வந்து அழித்துவிட்டாள்.

“வாசல்ல நிக்கிறவங்கள அப்படிக் கேக்க மாட்டோம் அங்கிள். சார் ஹவ் ஃபார்னுதான் சொல்லிக் குடுத்தாரு.”

“வெள்ளைக்காரன் வாசல்ல நின்னா?”

“அவன் எங்கயாச்சும் போறான், நமக்கென்ன?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சாக்கட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நீ கேட்டுக்குப் பக்கத்தில் நின்று காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாய். “எங்கடா கிளம்பிட்ட?” என்றேன். ஜன்னலுக்குள் இருந்து உன் மனைவி புஷ்பா என்னை முறைத்தாள். நீ என் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப்போய் ஒரு பதில் சொன்னாய். மதியம் போன் வந்தது. பந்திங் பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள், பந்தியில் எல்லாரும் பார்க்க புஷ்பா சொன்னாள். “போறவர எங்கன்னு கேட்டீங்களே மாமா. அதோட போயிட்டாரு. இனிமே இந்த வாசல் ஏறாதீங்க.” கை நனைக்காமல் எழுந்தேன். உன்னைக் கொண்டுபோனது உன் இருதயம். ஒரு சொல் யாரையும் கொல்லாது. அதற்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

ஆனால் ஊர் வேறு பேசுகிறது, தம்பி. கோயிலில் என் காது படவே ஒருத்தி கேட்டாள். “பந்திங்ல அவருக்கு என்னா வேலை? யாரு இருக்கா அங்க?” இது புஷ்பா காதுக்கும் போயிருக்கிறது. முன்பெல்லாம் நிமிர்ந்து நடப்பாள். இப்போது பாசாரில் தலை குனிந்து போகிறாள். நீ எங்கே போனாய் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை. கேட்டவன் நான் ஒருவன்தான்.

“பந்திங்குக்கு, புஷ்பா அப்பாவைப் பாக்க. முதியோர் இல்லத்துல இருக்காரு. மாசம் ஒரு தடவ போயி ஷேவ் பண்ணி விடறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே.”

நீ சொன்னது இவ்வளவுதான். உங்கள் கல்யாணத்துக்கு வராத மனிதர். பெற்ற தாயின் சாவுக்கு வந்த மகளை உள்ளே விடாதவர். எனக்கு அப்பாவே இல்லை என்று புஷ்பா சொல்லி எத்தனை காலம். அவரிடம்தான் நீ போய் வந்திருக்கிறாய். அவளுக்குத் தெரிந்தால் உன்னையும் போகவிடமாட்டாள் என்று பயந்தாயா? அல்லது அவரே சொல்ல வேண்டாம் என்றாரா? இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

உனக்குப் பிறகு நான் போகிறேன். முதல் தடவை கத்தியைப் பார்த்ததும் தாடையை நீட்டினார். “மாப்ள எங்க?” என்றார். செத்துட்டான் என்றேன். வாய் கோணி அழுதார். அடுத்த மாதம் போனேன், மறந்திருந்தார். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது. அழுது முடித்ததும் ஒவ்வொரு தடவையும் இன்னொன்று கேட்கிறார். “அப்ப புஷ்பா தனியாவா இருக்கு?”

ஆமாம் என்கிறேன்.

அவளிடம் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. இந்த நிமிடம்வரை வாயைத் திறக்கவில்லை. இது உனக்கு எழுதிய கடிதம். இதை வேறு யார் படித்தாலும் அது அவர்கள் பாடு. இந்தப் பத்திரிகையை அவள் ஒரு பக்கம் விடாமல் படிப்பாள் என்பது உனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் வரமாட்டேன். பந்திங் பஸ்ஸை மட்டும் விடமாட்டேன். அந்த மனிதர் இருக்கிறவரை மாதாமாதம் அவர் முகத்தை மழித்துவிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னால் இருக்கிற
உன் அண்ணன்