ஜானவிக்கு 25-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஊசி

அனுப்புநர்:
ம. நர்மதா, பி.எஸ்சி.,
க/பெ. மணிகண்டன்,
சந்தைக்கடை வீதி, வேலந்தாவளம்,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: பழந்தின்னி வௌவால் கடித்த என் நான்கு வயது மகளுக்கு ரேபிஸ் சீரம் மறுக்கப்படுவது, புதைத்த வௌவாலைப் பரிசோதிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டை ஒட்டிய நாட்டுப் பாதாம் மரத்தில் இரவெல்லாம் வௌவால்கள் மேயும். அவை சப்பிப் போட்ட கொட்டைகளைக் காலையில் பொறுக்கி, கல்லால் உடைத்துப் பருப்புத் தின்பது இந்த வீதிக் குழந்தைகளின் வழக்கம். 12.10.2025 ஞாயிறு காலை அப்படிப் போன என் மகள் ஜானவி, பறக்க முடியாமல் தரையில் கிடந்த ஒரு வௌவாலைத் தூக்கிவிட்டாள். அது அவள் வலது ஆள்காட்டி விரலைக் கவ்வியது. நான்தான் பிடுங்கி எறிந்தேன். இரண்டு சிறு புள்ளிகள், கொஞ்சம் இரத்தம். குழாயில் கழுவி மஞ்சள் வைத்தேன். மதியத்துக்குள் வௌவால் செத்துவிட்டது.

2. வௌவால் செத்துக் கிடப்பதைக் கேள்விப்பட்டு அன்று மாலை சுகாதார ஊழியர்கள் இருவர் வந்தார்கள். வௌவால் என்றால் இங்கே எல்லாருக்கும் நிபா நினைப்புத்தான். காய்ச்சல் உண்டா, யாராவது தொட்டீர்களா என்று கேட்டார்கள். யாரும் தொடவில்லை என்று படிவத்தில் கையெழுத்திட்டேன். அது பொய். என் கணவர் தினமும் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கோவைக்கு வேலைக்குப் போகிறவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருபத்தொரு நாள் வீட்டோடு இருக்கச் சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். பிளீச்சிங் பவுடர் தூவி, வௌவாலை எங்கள் கொல்லையிலேயே புதைத்தார்கள். கடித்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

3. நான் விலங்கியல் படித்தவள். வௌவால் கடியிலும் ரேபிஸ் வரலாம் என்பது எனக்கு ஐந்து நாள் கழித்துத்தான் உறைத்தது. 18-ஆம் தேதி மருத்துவமனைக்கு ஓடினேன். கெஞ்சியதில் தடுப்பூசி மட்டும் போட்டார்கள். காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய சீரத்தை, சுகாதார ஊழியரிடம் போனில் விசாரித்துவிட்டு மறுத்தார்கள். "தொடவே இல்லைன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க? நாய் கடிச்சு வர்றவங்களுக்கே மருந்து பத்தறதில்லைங்க" என்றார் அங்கிருந்தவர். இன்று இரண்டாம் ஊசிக்குப் போனபோதும் அதே பதில். புள்ளிகள் ஆறிவிட்டன. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

4. முதல் ஊசியிலிருந்து ஏழு நாளைக்குள் சீரம் போட்டாக வேண்டும் என்கிறார்கள். 25-ஆம் தேதியோடு அது முடிகிறது. இந்த நோய் வந்தபின் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஜானவி இப்போது நன்றாக இருக்கிறாள். அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "ஏம்மா பாக்கறே?" என்று கேட்கிறாள்.

5. ஆகவே, படிவத்தில் நான் எழுதியதைத் தள்ளுபடி செய்து, சீரம் போட உத்தரவிட வேண்டுகிறேன். குழிமேல் செங்கல் வைத்திருக்கிறேன். தோண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரட்டும் என்று மட்டும் ஊசியை நிறுத்திவைக்க வேண்டாம். வீதியின் மற்றக் குழந்தைகளையும், தொட்டார்களா என்று மட்டுமல்ல, கடி பட்டதா, கீறியதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

பொய் எழுதிக் கொடுத்ததற்கு என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் மறுக்க மாட்டேன். ஊசியை முதலில் போட்டுவிடச் சொல்லுங்கள், ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ம. நர்மதா
(ஜானவியின் தாய்)

இடம்: வேலந்தாவளம்
நாள்: 21.10.2025

இணைப்பு: ஓ.பி. சீட்டு, தடுப்பூசி அட்டை – நகல்கள்.