நீலம் போன வழி

ஜூன் 3
இன்றும் மோட்டார் பாதி காற்றைத்தான் இழுத்தது. ஊறப்போட்ட ஆஸ்பத்திரி விரிப்புகள் தொட்டியில் நனைந்தும் நனையாமலும் கிடந்து என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. தண்ணீரில்லாத சலவைக் கடை! தெருக்கோடியில் இன்னொரு அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. ஊர் மேலே மேலே ஏறுகிறது, தண்ணீர் கீழே கீழே இறங்குகிறது.

ஜூன் 5
அடுத்த வீட்டு நாத்தனார் மதில்மேல் முகத்தை வைத்து அறிவித்தாள். "அண்ணி, நான் புது போர் போடப் போறேன். உங்களுதைவிட ரெண்டு மடங்கு ஆழம். அடுத்த மாசம் வண்டி வருது."

"போடு, போடு. பூமிக்கு அந்தப் பக்கம் யாராவது குளிச்சிட்டிருந்தா, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடு" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். வந்ததும்தான் உறைத்தது. அவள் அவ்வளவு ஆழம் போனால் என் போரில் இருக்கிற கொஞ்சநஞ்சமும் அந்தப் பக்கம் இறங்கிவிடாதா? கடையை மூடிவிட்டு யாரைத் துவைப்பேன் — வீட்டுக்காரரையா?

ஜூன் 6
சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு வீட்டுக்கும் அடியில ஒரே தண்ணிடி."

"அதெப்படி அண்ணி? உங்க தண்ணி உங்க மனைக்குக் கீழ, என் தண்ணி என் மனைக்குக் கீழ."

பூமிக்குள்ளும் மதில் கட்டி வைத்திருக்கிறாள், மகராசி.

ஜூன் 9
பிளம்பர் வந்தார். பின்பக்கம் வறண்டு கிடக்கும் எங்கள் பழைய போரை எட்டிப் பார்த்தார். "அக்கா, மாடியில விழற மழையை வடிகட்டி இதுக்குள்ள இறக்கிடலாம். இப்ப சாக்கடைக்குத்தானே போகுது?"

அட! எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்றே ஆரம்பியுங்கள் என்றுவிட்டேன்.

ஜூன் 17
குழாய் இறங்கியாயிற்று, ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக. கிளம்பும்போது பிளம்பர் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் முதல்ல பெய்யறது மாடியைக் கழுவுற மழை. இந்த மூடியைத் திறந்து அதை வெளிய விட்டுடுங்க. மறந்துடாதீங்க."

நானா மறப்பேன்?

வீட்டுக்காரர் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தன்றுகூட என்னை இப்படிப் பார்த்ததில்லை.

ஜூன் 24
மழை!!

அதே நாள், மழை விட்டபின்
என்ன மழை! குழாய்க்குள் தண்ணீர் குடுகுடுவென்று ஓடிய சத்தம் கேட்டு, நானும் அவரும் குடையில்லாமல் வெளியே நின்று குதித்தோம். நனைந்த துணியோடு மாடிக்குப் போனால் — ஐயோ, போச்சு. மூடியைத் திறக்கவே இல்லை. அதுவாவது போகட்டும். வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலக் கேன் அங்கே சரிந்து கிடக்கிறது. உள்ளே ஒரு துளி இல்லை. எங்கே போயிருக்கும்? வேற எங்க!

ஜூன் 27
"அண்ணீ! எங்க குழாயில நீலமா வருது! அவரு பனியனெல்லாம் நீலம்!"

ஓடிப்போய் என் குழாயைத் திறந்தேன். அதுவும் நீலம். இரண்டு பக்கெட்டையும் மதில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரட்டைப் பிள்ளைகள் தோற்றார்கள். நல்லவேளை, குடிக்கிற தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது; பிழைத்தோம்.

"நான்தான்டி. மாடியில இருந்த கேன் கவிழ்ந்து, மழையோட பழைய போருக்குள்ள போயிருக்கு."

"உங்க மாடியில கொட்டினது எப்படி என் குழாய்ல..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பக்கெட்டையே பார்த்தாள். 'அன்னிக்கே சொன்னேனே' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூலை 1
நாத்தனார் மதில் பக்கமே வரவில்லை. கோபமா? நாளைக்குப் போர் வண்டி.

ஜூலை 2
வண்டி தெருவையே அடைத்துக்கொண்டு வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் இறங்கி டிரைவரிடம் சொன்னாள்: "வேணாம்ப்பா, திரும்பிடுங்க. எவ்வளவு ஆழம் போட்டாலும் எங்க அண்ணியோட நீலம்தான் வரும்."

துணி அலசின ஈரக் கையோடே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "விடுங்க அண்ணி, ஈரம்" என்றாள்.

ஜூலை 20
அவள் மாடிக் குழாயும் மதிலில் ஓட்டை போட்டு எங்கள் போருக்கே வந்துவிட்டது. ஒருநாள் அவள் மோட்டார், மறுநாள் என் மோட்டார் என்று பேச்சு. எதிர்வீட்டுக்காரர் பிளம்பரைத் தேடுகிறார்.

செப்டம்பர் 8
மோட்டார் இருமவே இல்லை. தொட்டி நிறைய விரிப்புகள் ஊறுகின்றன. மத்தியானம் வானம் இருட்டியது. எனக்கு முன்னாலேயே மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, மூடியைத் திறந்தீங்களா?"

"அதெல்லாம் அப்பவே திறந்தாச்சுடி!" என்று கத்தினேன். கத்திவிட்டு, ஓடிப்போய்த் திறந்தேன்.