வலது கைக்கு ஒரு பிரேக்

நேற்று மாலை கிளமெண்டியில் என் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் பெண் ஒருத்தி மழையோடு மழையாகச் சைக்கிளில் வந்து நின்றாள். ஈரத்தில் டிஸ்க் பிரேக் ஒருமுறை கிறீச்சிட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அந்தப் பின்சக்கரத்தையே பார்த்தேன். பிரேக்கைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் அடாப்டர் துண்டுகூடப் பளிச்சென்று, அளவு பிசகாமல் இருந்தது.

"என்ன அங்கிள் பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இந்தத் துண்ட நாங்க ஒரு காலத்துல கையாலயே ராவிச் செஞ்சோம்."

"ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டாள். நான் கதையை ஆரம்பிக்கக்கூட இல்லை. அதனால்தான் அதை என்னோடு செய்த உனக்கு எழுதுகிறேன். நீ எங்கும் ஓட முடியாது.

எண்பதுகளின் நடுவில், கப்பல் பட்டறையில் தகடு விழுந்து உன் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. அதுவரை மார்சிலிங்கிலிருந்து வேலைக்கு வெயில் மழை பார்க்காமல் சைக்கிளில் போனவன், அப்புறம் பஸ்ஸுக்குக் காத்து நின்றாய். சர்ச்சில் கைகுலுக்கிச் சமாதானம் சொல்லும்போதுகூட இடது கையைத்தான் நீட்டுகிறாய் என்று உன் மனைவி என்னிடம் வருத்தப்பட்டாள். தேக்காவில் என் சைக்கிள் கடைக்கு வருவாய். புதிதாக வந்திறங்கியிருந்த மவுண்டன் பைக்குகளைச் சுற்றிச் சுற்றி வருவாய். எடுத்து ஓட்டேன்டா என்றால் தலையாட்டிவிடுவாய்.

"மழைல ரப்பர் பிரேக் வழுக்குது. அஞ்சு விரல் உள்ளவனே அமுக்கிப் பிடிக்கணும். மூணு விரல வச்சுக்கிட்டு எங்க புளோக் பக்கத்துச் சரிவுல எப்படி இறங்குறது?"

நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் ஒரு பாயின் மேல் கிடந்தது. ஜப்பான் டிஸ்க் பிரேக்: வட்டத் தகடு, அது பொருந்தும் சக்கர நடுப்பகுதி, தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர். எல்லாம் இருந்தன, சட்டத்தில் மாட்டும் அடாப்டர் மட்டும் இல்லை. பெண் இருக்கிறாள், தாலி இல்லை என்ற கதை. விற்ற சீனப் பெரியவரும் அது எந்தச் சைக்கிளுடையது என்று தெரியாது என்றுவிட்டார்.

அந்த நடுப்பகுதியை வைத்து ஒரு மவுண்டன் பைக்குக்கு நான் பின்சக்கரம் பின்னினேன். நீ அட்டையில் அளவு வெட்டினாய். முதலில் செய்த அடாப்டர் மெலிசு. பிரேக்கை அமுக்கியதும் வளைந்துகொண்டது. கனமான தகட்டில் மறுபடி தொடங்கினாய். வைஸில் இறுக்கி, அந்த மூன்று விரலால் அரத்தைப் பிடித்து நீ ராவிய அழகை நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அருமையாக ராவினாய். காலிப்பருக்கு நடுவில் தகடு இருபுறமும் உரசாமல் ஓடும்வரை வாஷரைப் போட்டுப் போட்டு எடுத்தோம். பிரேக் லீவரை இடது பக்கம் வைக்கப் போனேன். நீ தடுத்தாய்.

"இடது கைக்கு என்ன ஆச்சு? அடிபட்டது இதுதானே. இதுக்கு வேல குடு."

மறுநாள் ஆயுத பூசை. நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், வேதக்காரனான நீ என் கடையையே ஜோடித்து வைத்திருந்தாய். எல்லா ஹேண்டில்பாரிலும் பூச்சரம். டிஸ்க்கில் மட்டும் சந்தனமும் குங்குமமும் சேர்த்து ஒரு பெரிய பொட்டு.

"மாதா கோச்சுக்க மாட்டாங்களா?" என்றேன்.

"மச்சான் கடைன்னு அவங்களுக்குத் தெரியும் லா."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்து நீ வந்ததும், மார்சிலிங்கில் உன் புளோக் பக்கத்துச் சரிவில் பைக்கை இறக்கினோம். மழைகூட இல்லை. லீவரை அமுக்கினாய், வண்டி நிற்கவில்லை. கீழே புல்தரையில் போய் விழுந்தாய். முழங்கையில் ரத்தம். நீ பார்த்தது முழங்கையை அல்ல, அந்த விரல்களை.

"விட்டுடுடா. லீவர இடது பக்கம் மாத்திடு. இந்தக் கை அவ்வளவுதான்."

ஸ்பேனரை எடுத்துவிட்டேன், உண்மை. சக்கரத்தைப் பிடித்துத் தூக்கியபோது விரல் டிஸ்க்கில் பட்டு வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

"இதுல எண்ணெய் தடவினியா?"

முழங்கை ரத்தத்தைச் சட்டையில் துடைத்தாய். "சந்தனம் காஞ்சு திட்டுத் திட்டா இருந்துச்சு. தொடச்சிட்டு வெளக்கு எண்ணெய் கொஞ்சம் போட்டேன். பளபளன்னு இருந்தா உங்க சாமிக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

புல்லில் உட்கார்ந்து சிரித்தேன், நீ கோபித்துக்கொண்டாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். நீயோ கூடம் கோணலாக இருக்க உன் காலைக் குறை சொன்னாய். "கைல ஒண்ணும் இல்லடா, எண்ணெய்லதான் கோளாறு. லீவர மாத்த மாட்டேன், போ" என்றேன். அன்றே கடையில் தகட்டை ஸ்பிரிட்டால் கழுவினோம். எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை, வாசனை போகும்வரை உப்புத்தாளில் தேய்த்தோம். மாற்றுக் கட்டை இந்த ஊரில் கிடையாது. தேய்ந்து தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் நல்ல மழை பிடித்தது. நீ கடைக்குப் போன் போட்டு, "வரியா?" என்று மட்டும் கேட்டாய். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து சரிவின் அடியில் குடையோடு நின்றேன். மேலிருந்து நீ விட்ட வேகத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினேன். வலது கை லீவரில் இருந்தது. என் குடைக்கு எதிரே வந்து, மெதுவாக, சொன்ன பேச்சு கேட்டது போல் வண்டி நின்றது.

"நின்னுடுச்சு லா" என்றாய், ரகசியம் சொல்வது போல. பிறகு மறுபடி மேலே ஏறிப் போனாய். எத்தனை தடவை இறங்கினாய் என்று எண்ணவில்லை. எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

உன் அடக்கத்தன்று என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் நீ அடக்கமானவன், பணிவானவன் என்றார்கள். நான் எழுந்து, அதெல்லாம் இல்லை, மழை வந்தால் குடையை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுக்கிற தலைக்கனம் பிடித்தவன் என்றேன். சர்ச் சிரித்தது. உன் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

கடையை விற்றாகிவிட்டது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சைக்கிளைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தேன், முகங்கள்கூட நினைவில்லை. ஆனால் இந்த வாழ்க்கையில் என்ன செய்தாய் என்று யாராவது என்னைக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. ஒரு நாள் என் சிநேகிதன் தன் கை செத்துப்போனது என்றான், நான் ஒப்புக்கொள்ளவில்லை.