மேற்படி

நாள் 212, பகல் 12:05
வடமுனை நீர்நிலையம், செவ்வாய். பதிவு அதிகாரி: அமலோற்பவம். பணியாளர் எண்ணிக்கை: ஒன்று.

பனியை உருக்கி, அதிலிருந்து காற்றைப் பிரித்து, ஒன்பது கிலோமீட்டர் குழாய் வழியாகத் தெற்குத் தளத்துக்கு அனுப்பும் நிலையம் இது. அங்கே நாற்பத்தொரு பேர் இந்தக் காற்றில் மூச்சு விடுகிறார்கள். இங்கே அறுபத்திரண்டு மானிகள். தினமும் நடந்து பார்த்து, நண்பகலில் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

இன்றைய பதிவு: மேற்படி.

அரசு அலுவலகம் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. நேற்றைய எண்ணே இன்றும். பதினான்கு வருஷ சர்வீசில் நான் அதிகம் எழுதிய சொல் அதுதான். இங்கே வந்த மூன்று வருஷமாக அதையும் நான் எழுதுவதில்லை. பம்ப் அறைக் கணினியில் ஒரு சின்ன நிரல் போட்டு வைத்திருக்கிறேன். பன்னிரண்டு அடித்ததும் அதுவே எழுதி, என் கையெழுத்தையும் போட்டுவிடும். சிவப்பு எண் வந்தால் பதினாறு பக்க விளக்கம் எழுத வேண்டும் என்பதால், கடைசியாக வந்த பச்சை எண்ணையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் தூங்கப் போகிறேன்.

நாள் 229, பகல் 12:10
புழுதிப்புயல், மூன்றாம் நாள். அனுப்பும் ஆன்டெனா முறிந்துவிட்டது. தளம் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவர்களுக்குப் போகாது. பதிவேடு மட்டும் குழாயோடு புதைத்த கேபிளில் போகிறது, நாளுக்கு ஒரு முறை, நண்பகலில்.

தளத்தின் காற்றுப் பொறுப்பாளர் காஜா அண்ணன் பேசினார்.

"தங்கச்சி, கேக்குதா? இங்க ஒம்பது பேருக்கு இருமல். கண்ணெல்லாம் எரியுது. ஜொஹராவும் தூங்காம இருமிக்கிட்டே கெடக்கா. உன் பதிவப் பாத்தேன், எல்லாம் பச்சை. அப்ப கோளாறு எங்க மெஷின்லதான். கழட்டிப் பாக்குறோம்."

ஜொஹரா அவர் மகள். நாலு வயது.

மானிகளைக் கடைசியாக எப்போது நடந்து பார்த்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. பாதி மானிகள் வெளியே இருக்கின்றன; புயல் கொஞ்சம் அடங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம்.

நாள் 230, காலை 09:20
"இருபத்தாறு பேரு ஆச்சு. எங்க மெஷின்ல ஒண்ணுமே இல்ல தங்கச்சி. மறுபடி கழட்டுறோம். உன் பக்கம் சரியா இருக்கே, அது ஒண்ணுதான் நிம்மதி."

போகிறேன்.

நாள் 230, பகல் 15:40
பம்ப் அறை. முப்பத்தேழாம் மானி. குளோரின். முள் சிவப்பின் கடைசிக் கோட்டில் நிற்கிறது.

இங்கத்துப் பனியில் உப்பு கலந்திருக்கிறது. சூடாக்கினால் குளோரின் பிரியும், வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். வடிகட்டி செத்துவிட்டது. மானியின் நினைவில் பார்த்தேன்: பத்தொன்பது நாள். முதலில் துளித்துளியாக, இந்த வாரம் மொத்தமாக. அந்தக் குழந்தைக்கு நான் விஷம் அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு.

குழாயை மூடும் வால்வு அசையவில்லை. எங்கே சிக்கல் என்று காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்ப்பவர். ஸ்பேனரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். பத்து வயதிலேயே எனக்கும் அது வரும். ஹெல்மெட்டோடு கேட்காது. அறையில் காற்று உண்டு, ஆனால் குளோரினும் கசிந்து பரவியிருந்தது. கழற்றினேன். இரண்டு நிமிடம்.

மூன்றாவது பல்சக்கரம். தட்டி விடுவித்தேன். வால்வு மூடியது. தளத்தில் சேமித்த காற்று எட்டு நாளுக்கு வரும். புயல் அதற்குள் அடங்கிவிடும்.

பதினான்கு வருஷத்தில் இன்றுதான் ஒரு வேலை செய்தேன். சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நாள் 231, காலை 08:30
மூச்சு பாதிதான் உள்ளே போகிறது. இருமினால் இளஞ்சிவப்பு நுரை. கட்டிலோடு இணைந்த ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. அசையாமல் கிடந்தால் மீட்பு வரும்வரை தாங்கலாம்.

படுத்தபடியே முடிவு செய்தேன், ஊர் போனதும் வேலையை விட்டுவிடுவேன். கையில் கிரீஸ் படாத வேலை வேண்டும் என்று அம்மாதான் பரீட்சை எழுத வைத்தாள். பிழை அவள்மேல் இல்லை. எனக்கும் நாற்காலி பிடித்திருந்தது, அதற்குப் பிறகு எழுந்திருக்கச் சோம்பல். துறைமுக ரோட்டில் ஒரு ஷெட் போடுவேன். போர்டுகூட யோசித்தாயிற்று: அமலோ எஞ்சின் ஒர்க்ஸ்.

காலை 08:50
நிரல். மறந்தே போனேன்.

பன்னிரண்டுக்கு அது பச்சை எழுதும். பதிவேடு பச்சை என்றால் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். பதிவு வராவிட்டால் திறக்காது. நிரலை அழிக்க வேண்டும். அது பம்ப் அறைக் கணினியில் இருக்கிறது, காற்றடைத்த சுரங்கப்பாதையில் இருநூறு மீட்டர். ஆக்சிஜன் குழாய் கட்டிலைவிட்டு வராது. நுரையோடு ஹெல்மெட் போட முடியாது.

யாராவது இருந்தால் அனுப்பலாம். பணியாளர் எண்ணிக்கை: ஒன்று.

பகல் 11:25
வந்துவிட்டேன். தவழ்ந்துதான். அறையெங்கும் அந்த நெடி. நிரல் அழிந்தது. ஒரே ஒரு வரி அண்ணே, அதை எழுத அன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டேன்

பன்னிரண்டுக்கு என் கையால் சிவப்பு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முப்பத்தைந்து நிமிடம். முடியுமா தெரி

நான் பார்க்கவே இல்லை அண்ணே. நடந்து போய்ப் பார்க்க

ஜொஹராவிடம்

வந்த செய்தி, பகல் 12:20
"தங்கச்சி, காஜா பேசுறேன். ஜொஹரா இன்னைக்குக் கஞ்சி குடிச்சா, இருமல் கொறஞ்சிருக்கு. உன் பக்கத்துலேர்ந்து காத்து வரலியே, வால்வு மூடிருக்கா? பன்னெண்டு மணிப் பதிவும் காணோம். அறுபத்திரண்டு கட்டமும் காலியா கெடக்கு. எனக்கு மனசு சரியில்ல, புயலானாலும் வண்டிய எடுத்துட்டு வாரேன். ஒரு சத்தம் குடு. மூணு வருஷத்துல ஒரு நாள்கூட நீ தவறுனதில்லையே தங்கச்சி."