சுவர் அண்ணாச்சியுடையது, கண்ணாடி காசியுடையது

1975 ஜனவரி 17, வெள்ளி

வாடைக்காற்று. உதடெல்லாம் வெடிப்பு. துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். கிரேன் இறக்க இறக்க மூட்டை எண்ணிக் கோடு போட வேண்டும், அதுதான் என் உத்தியோகம். மூக்கில் தூசி, காதில் தூசி, சோற்றிலும் தூசி.

மாலை நேராகக் காசி சலூன். வெள்ளிக்கிழமை எவனும் சவரம் செய்ய மாட்டான். நாற்காலி முழுக்க நாங்கள்தான். மெட்ராஸ் கிரிக்கெட் டெஸ்டில் நம்மவர்கள் ஜெயித்த போதை இன்னும் இறங்கவில்லை.

காசி: "ரெண்டுக்கு ரெண்டு ஆயிட்டு. பம்பாய்ல தூக்கிருவோம் பாரு."

ஞானராஜ் சார்: "அவனுவ பந்து போடுத வேகத்துக்கு நம்மாளு நிக்கதே பெரிசு. தூக்கப் போறாராம்."

என் கட்சி ஹாக்கி. மார்ச்சில் கோலாலம்பூரில் உலகக்கோப்பை. கேட்பார் இல்லை.

பிறகு போர்டு எழுதினேன். சலூன் வெளிச்சுவரில் மாட்டிய கறுப்புப் பலகை. தெருவே நின்று படிக்கும். பேப்பர்காரன் காலையில் கொண்டுவருவது எங்கள் பலகையில் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடும், ரேடியோ புண்ணியத்தில். உள்ளூர் ஆட்டம் என்றால் எங்கள் மூவரில் ஒருவராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கேள்விப்பட்டதெல்லாம் ஏறாது. இடம் காசியுடையது, சாக்பீஸ் பள்ளிக்கூட வாத்தியாரான ஞானராஜ் சாருடையது (எந்தப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் என்று நாங்கள் கேட்பதில்லை), கையெழுத்து என்னுடையது. இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் வரி ஏறும். ஒத்துக்கொள்ளாத மூன்றாமவன் இடது மூலையில் சின்ன எழுத்தில் தன் மறுப்பை எழுதிக்கொள்ளலாம். நாசரேத்துக்காரர் அல்லவா, லேசில் எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார், மூலை முக்கால்வாசி நாள் சாருக்குத்தான்.

வீட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன். ஏச்சு.

18, சனி

ரத்தம் கொதிக்கிறது. கல்லூரிக் கால்பந்து ஃபைனலுக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். சூசை இல்லை.

சூசை வேம்பார்ப் பையன். இங்கே மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான். விடியுமுன் மாமன் வள்ளத்தில் கடலுக்குப் போய் வலை இழுத்துவிட்டு வந்துதான் வகுப்பு. அவனைப் போல் கோல் காக்க இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. அரை இறுதியில் நானே பார்த்தேன். பந்து அவன் கைக்குப் போனால் வீட்டுக்குப் போன மாதிரி.

காரணம்: காலைப் பயிற்சிக்கு வரவில்லையாம். மாலைப் பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் வருகிறானே, அது கணக்கில் இல்லையாம். அவன் இடத்தில் தனபால். உப்பள முதலாளி பொன்னுச்சாமி அண்ணாச்சியின் மகன். அந்த அண்ணாச்சிதான் காசி சலூன் இருக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர்.

ஞானராஜ் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம் முத்தையா. காலைல வராதவன எப்படிச் சேப்பாங்க?"

"அவன் காலைல படுத்தா கெடக்கான்? கடல்ல நிக்கான் சார்."

"நீரு சொல்லுத மாதிரி ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும். பெறவு மைதானத்துக்கு யாரு வருவா?"

தனபாலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கை பரபரத்தது. காசி தடுத்தான். "பையன வையாதல. அவன் என்ன செய்வான். எடுத்தவங்களக் கேளு."

சரி என்று எழுதினேன்: "கோலில் நிற்கத் தெரிந்தவன் வெளியே நிற்கிறான். கல்லூரி செய்தது தப்பு."

மூலையில் சார் எழுதியது: "பயிற்சிக்கு வராதவனுக்கு இடமில்லை என்பது நியாயமே. ஞா."

19, ஞாயிறு

சலூனில் கூட்டம். முடி வெட்ட வந்தவனைவிடப் போர்டு படிக்க வந்தவன் அதிகம். ஒரு கிழவர் படித்துவிட்டு, "இது எந்தக் கட்சி போர்டு?" என்றார். கோல் கட்சி என்றேன்.

இன்று கடலுக்குப் போகும் வழக்கம் இல்லை, மாதா கோயில் பூசைக்குப் போகும் நாள். பூசை முடிந்து சூசை வெள்ளைச் சட்டையோடு வந்தான். போர்டைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றான். அழிக்கச் சொல்லுவானோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

"காலைல வலை இழுக்கேன், சாயங்காலம் பந்து பிடிக்கேன். எதுல கொற வச்சேன்னு காலேஜ் பயிற்சி மாஸ்டர்ட்ட கேட்டேன் அண்ணாச்சி. கடலுக்குப் போறத விட்டுருன்னாரு. விட்டா மாமா வீட்ல எந்த மொகத்த வச்சிச் சோறு திங்க?"

"போர்டுல ஒம் பேரு இல்ல. வேணும்னா போடுதோம்," என்றான் காசி.

"போடுங்க."

போட்டேன். பெரிதாகவே.

20, திங்கள்

கப்பல் இன்னும் முடியவில்லை. கழுத்து வலி. மாலை சலூனை நெருங்கும்போதே பொன்னுச்சாமி அண்ணாச்சி குரல். போர்டுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஏலே காசி, எங் கட்டடம். எஞ் சுவரு. அதுல எம் மவன் வெளங்காதவம்னு எழுதுவியளோ?"

"அப்படி எழுதலியே அண்ணாச்சி. சூசைய எடுக்காதது தப்புன்னுதான் எழுதிருக்கு."

"அதுக்கு அர்த்தம் என்னலே? புதங்கெழமைக்குள்ள மன்னிப்பு எழுதணும். இதே போர்டுல. இல்ல, போர்ட எடுத்துருவேன். கடைய வச்சிருக்கணுமாங்கதையும் பெறவு யோசிக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். காசி என் காலை மிதித்தான். அவன் பிழைப்பு அல்லவா. மூடிக்கொண்டேன். அவர் போன பிறகு சாக்பீஸை நொறுக்கினேன். சார் முகம் சுருங்கியது, சாக்பீஸுக்காக.

21, செவ்வாய்

சலூன் விடுமுறை. கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் உள்ளே. மன்னிப்பா, இல்லையா?

நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், எழுத மாட்டேன். ஆனால் கடை என்னுடையது இல்லை. அதையும் சொன்னேன். காசிக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவன் கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டே இருந்தான், யாருக்கும் சவரம் இல்லாத நாளில்.

சார் சட்டக்காரர், மன்னிப்பு எழுது என்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "அந்த வரி தப்பு. இன்னைக்கும் சொல்லுதேன். ஆனா யாரையும் வையலியே, பொய்யும் எழுதலியே. மன்னிப்பு எதுக்கு?"

காசி தீட்டுவதை நிறுத்தினான். "அப்ப எழுத வேண்டாம்."

மூவரும் ஒரே கட்சி. இந்தப் போர்டு வந்த நாளிலிருந்து மூலைக்கு வேலையில்லாத தீர்மானம் இதுதான்.

வீட்டில் சொன்னேன். மனைவி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, "ஊருக்குக் கோல் காக்க நீங்க இருக்கிய. குழாயடில எனக்கு முன்னால பூந்துருதாளுவ, அங்கன யாரு வந்து காப்பா?" என்றாள். இரண்டு குடம் நான் பிடித்து வந்தேன்.

22, புதன்

போர்டு போயிற்று. உப்பளத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து கழற்றினார்கள். காசி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவர்கள் என்ன செய்வார்கள். சுவரில் ஆணி ஓட்டைகளும் வெயில் படாத வெள்ளைச் சதுரமும் மிச்சம்.

நான் வரும்போது சலூனில் விளக்கு எரிகிறது. வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே, நாற்காலிக்கு எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில், சவரச் சோப்புக் கட்டியால் காசியே எழுதியிருக்கிறான். கோணல் மாணல் எழுத்து. அதே வரி. சூசை பேரோடு.

"போர்டு போனா என்னல. வா, எழுத்த நேராக்கு."

எழுத்துத்தான் கோணல் என்று திட்டிவிட்டு நேராக்கினேன். சார் இடது மூலையில் தன் மறுப்பைச் சோப்பால் எழுதிக் கையொப்பமும் போட்டார். சாக்பீஸைவிட வழவழப்பு என்கிறார்.

23, வியாழன்

பம்பாய் டெஸ்ட் தொடங்கியது. அவர்கள் அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ரேடியோவை ஒரு தட்டுத் தட்டினேன். ரேடியோ என்ன செய்யும்.

சலூனில் புகார். "எம் மீச ஒரு பக்கந்தாம் தெரியுது." காசி: "தெரியாத பக்கத்த நான் பாத்துக்கிடுதேன்."

25, சனி

நேற்று எழுதவில்லை. நேற்று ஒன்றும் இல்லை. இன்று இருக்கிறது.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். சலூனில் உட்கார்ந்திருந்தேன். பொன்னுச்சாமி அண்ணாச்சி உள்ளே வந்தார். நாளை பாளையங்கோட்டையில் ஃபைனல், மகன் ஆடுகிறான், பளபளவென்று போக வேண்டும். வேறு எவன் கத்தி பட்டாலும் அவருக்குத் தாடையில் கொப்புளம் கிளம்பும். காசி கைதான் ஒத்துக்கொள்ளும். கோபம் வேறு, தாடை வேறு.

வாசலிலேயே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அது இல்லாமல் அவருக்கு எதிரில் இருப்பது மங்கல். காசி நுரை போட்டான், ஒரு கன்னம் முடித்தான். மீசையைப் பார்க்க அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

நெற்றிக்கு நேரே "சூசை வெளியே நிற்கிறான்". தாடைக்கு நேரே "கல்லூரி செய்தது தப்பு".

நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டேன்.

"இத அழி."

"சுவரு ஒங்களுது அண்ணாச்சி. போர்ட எடுத்திய, ஒண்ணும் சொல்லல. கண்ணாடி என்னுது. எங்கய்யா வாங்கிப் போட்டது."

எழுந்து போகத்தான் பார்த்தார். ஒரு கன்னத்தில் நுரை. வெளியே தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். உட்கார்ந்துவிட்டார். காசி மறு கன்னத்தையும் அதே பதத்தில் முடித்தான், ஒரு கீறல் இல்லை. அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டே இருந்தார்.

அவர் போனதும் காசி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

26, ஞாயிறு

குடியரசு தினம். கொடியேற்றம், மிட்டாய். காசிக்கு ஞாயிறு விட முடியாது. சாரும் நானும் சூசையும் பஸ்ஸில் பாளையங்கோட்டை. பஸ் முழுக்கப் பம்பாய்ப் புலம்பல்.

சுருக்கமாக: நம் கல்லூரி ஜெயித்தது. ஒரு கோல். கடைசியில் எதிராளிக்குப் பெனால்டி. தனபால் இடது பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டான்.

மைதானமே எழுந்து கத்தியது. நான் எழவில்லை. அவன் விட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நம்ம ஊர் தோற்றாலும் பரவாயில்லை, விட்டிருக்க வேண்டும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

பக்கத்தில் சூசை கை தட்டிக்கொண்டிருந்தான். "நல்லாப் பிடிச்சான் அண்ணாச்சி. தட்டுங்க." அவன் உள்ளங்கையெல்லாம் வலைக்கயிறு அறுத்த கோடு. தட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் சார் "பாத்தீரா, சட்டம் ஜெயிச்சிட்டு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

27, திங்கள்

சலூன். என்ன எழுதுவது என்று சண்டை. எனக்கு மனசே இல்லை. காசி கேட்டது ஒன்றுதான்: "கண்ணால பாத்தியா, இல்லியா?"

எழுதினேன். "வென்றோம். பெனால்டியைப் பிடித்தவன் தனபால். நல்ல ஆட்டம்." பெரிய எழுத்து, மனசார.

சோப்பைக் கீழே வைக்க முடியவில்லை. அடியில் இன்னொரு வரி: "சூசை இன்னும் வெளியே. ஜெயித்தாலும் அது தப்புதான்." காசி தலையாட்டினான். சார் வழக்கம்போல மூலைக்குப் போனார்: "சம்மதமில்லை. ஞா."

காய்வதற்குள் பொன்னுச்சாமி அண்ணாச்சி. முகமெல்லாம் சிரிப்பு, கையில் முந்திரி மக்ரூன் பொட்டலம். பின்னால் ஆள் தலையில் எங்கள் போர்டு. மகன் பேரைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கண் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் பார்வை கீழ் வரிக்கு இறங்கியது.

"கடேசி வரிய அழிச்சிருங்க. போர்ட இப்பமே மாட்டிக்கிடலாம். பழசெல்லாம் மறந்துருவோம்."

பேசியது ஞானராஜ் சார்.

"அண்ணாச்சி, அந்த வரி எனக்கும் பிடிக்கல. அன்னா, மூலைல எழுதியே வச்சிருக்கேன். பிடிக்கலன்னா நீங்களும் ஒரு மூலைல எழுதுங்க, எடம் தாரோம். அழிக்க மட்டும் சொல்லாதிய."

"அப்ப கடையக் காலி பண்ணச் சொல்லட்டுமா?"

காசி துண்டை உதறித் தோளில் போட்டான். "சொல்லுங்க. போறேன். ஒங்க தாடைய மட்டும் யாரு தொடுவான்னு பாத்து வச்சிக்கிடுங்க."

அண்ணாச்சி தாடையைத் தடவினார். தெரியாமல் தடவினாரோ என்னவோ. ஆளைப் பார்த்து, "தூக்குல போர்ட" என்றார். போய்விட்டார்.

மக்ரூனை எடுத்துப்போக மறந்துவிட்டார். தின்றோம். நல்ல மக்ரூன்.

28, செவ்வாய்

காற்று குறைவு. கோதுமைக் கப்பல் போய்விட்டது. விடுமுறை என்றாலும் ரேடியோவுக்காகக் காசி பாதிக் கதவு திறந்திருந்தான். பம்பாயில் நிலைமை கேவலம். ஞானராஜ் சார் சொன்னபடியே. ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சூசை வந்தான். நாளையும் கடலாம், நாளை மாலையும் மைதானமாம். மாஸ்டர் வெளியே போகச் சொன்னாலும் போக மாட்டானாம்.

விளக்கு வைக்கும் நேரம் அண்ணாச்சியின் ஆள் வந்தான், வாசலோடு நின்றான். "முதலாளி நாளைக்குச் சவரத்துக்கு வாராங்களாம். மொகம் தெரியணுமாம். நடுவுல மட்டும் கொஞ்சம் எடம் விட்டு எழுதச் சொன்னாங்க."

கடை பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

நடுவில் துடைத்து இடம் விட்டோம். தனபால் வரிகள் அடியில். சூசை வரிக்கு இடமில்லை, எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிவிட்டேன். சார் நாற்காலி போட்டு ஏறி, மேல் மூலையில் தன் மறுப்பை எழுதினார்.

சோப்பு தீர்ந்தது. நாளைக்குப் பெரிய கட்டியாக வாங்கணும்.