சாளைக் கறிக்கு மாஸ்க்

பிப்ரவரி 6, வியாழன்

இரணியலில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கிற வேலை. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் ஒட்டினால் பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டுமாம். குவைத்திலிருந்து வந்திருக்கும் வீட்டுக்காரர் காலையிலேயே இதைச் சொல்லி, எனக்கும் கூட வேலை செய்யும் வில்சனுக்கும் ஆளுக்கொரு மாஸ்க் தந்தார்.

நான் போட்டுக்கொண்டேன். வில்சன் தன்னுடையதை, மத்தியானச் சோற்றுக்குக் கொண்டுவந்த சாளை மீன் கறிப் பாத்திரத்தின் வாயில் கட்டிவைத்தான். மூடி தொலைந்துவிட்டதாம்.

"ஏலே, அது ஒனக்குத் தந்ததுல்லா!" என்று கத்தினேன்.

"எனக்குத் தூசி பழகிப்போச்சு மக்கா. சாளைக்குப் பழகல்ல."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் முதல் பீடிக்காகத் தாடைக்கு இறக்கிய என் மாஸ்க் அப்புறம் மேலே ஏறவே இல்லை.

சாயங்காலம் மனைவி வழக்கம்போல என் சட்டையை வாசலில் நின்று உதறினாள். இப்போது உள்ளே படுத்து இருமிக்கொண்டிருக்கிறாள். சளிதான் என்கிறாள். சளியாகத்தான் இருக்கும். நாளை முதல் சட்டையை நானே நனைத்துப் போட வேண்டும்.

இன்றைக்குத் தூசி படாமல் தப்பித்தது அந்தச் சாளைக் கறி ஒன்றுதான். அதையும் மத்தியானமே தின்றுவிட்டோம்.